சீனன்குடாவின் சிறிய சரக்குப் பெட்டி



மாதிரிப் புகையிரதம் என்றவுடன், அது சிறுவர்களின் விளையாட்டுப் பொருள் என்றே நம்மிற் பலர் எண்ணிவிடுகின்றனர். அவ்வெண்ணம் முற்றிலும் பிழையன்று. 1920ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்தைச் சேர்ந்த பிராங் ஹோர்ன்பி என்பவர், சாவி கொடுத்து ஓட்டும் தகரப் புகையிரதங்களை விற்பனைக்குக் கொணர்ந்தபோது, அவை சிறுவர்க்கென்றே செய்யப்பட்டன. ஆனால் அன்று தொட்டு வளர்ந்துவந்த இத்தொழில், இன்று முதியோரும் ஈடுபடும் நுண்ணிய கைவினையாக உலகெங்கும் பரவியிருக்கிறது. கைத்திறனைவிடக் கண்ணின் கூர்மையையே மிகுதியாக வேண்டி நிற்கும் கைவினை இது.

இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் அக்கைவினையின் ஒரு சிறு பகுதியே. கடையில் விற்கப்படும் ஆயத்த மாதிரிச் சரக்குப் பெட்டியொன்றை வாங்கி, அதைத் திருகோணமலைப் பாதையில் ஓடிய ஒரு பெட்டியாக மாற்றுவது எவ்வாறு? இதுவே வினா.

ஏன் திருகோணமலை என்று நேயர்கள் கேட்கலாம். கல்லோயாச் சந்தியிலே பிரிந்து, கந்தளாய், தம்பலகாமம், சீனன்குடா வழியாகத் திருகோணமலையை அடையும் இருப்புப்பாதை 1927ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. இயற்கைத் துறைமுகங்களுள் உலகப் புகழ் வாய்ந்த ஒன்றின் கரையிலே முடியும் பாதை அது. சீனன்குடாவில் பிரித்தானியர் அமைத்த எண்ணெய்த் தாங்கிகளையும், 1980ஆம் ஆண்டிலே அங்கு இயங்கத் தொடங்கிய பெரிய மாவு ஆலையையும் அறியாதார் இலர். கப்பலில் வந்திறங்கிய கோதுமை அங்கு மாவாகி, மூடையாகி, நாட்டாமைகளின் தோளேறிப் புகையிரதப் பெட்டிகளிலே கொழும்பு நோக்கிச் சென்றது. நாம் உண்ட பாணுக்கும் ரொட்டிக்கும் பின்னால் அப்பெட்டிகள் நின்றன. ஆயினும், மாதிரிப் பொருள் விற்கும் கடைகளிலே பிரித்தானியப் பெட்டி உண்டு. ஜேர்மனியப் பெட்டி உண்டு. அமெரிக்கப் பெட்டியும் உண்டு. சீனன்குடாவில் நின்ற பெட்டி மட்டும் இல்லை. அது வேண்டுமாயின் நாமே செய்துகொள்ள வேண்டும். வெறுந் தகட்டிலிருந்து தொடங்குவது எல்லார்க்கும் இயல்வதன்று. ஆதலின், ஆயத்தப் பெட்டியை அடிப்படையாகக் கொண்டு மாற்றுவதே நடைமுறைக்கு உகந்த வழி.

முதலில் ஒரு கணக்கைத் தெளிவாக்கிக்கொள்வோம். 1860களில் இலங்கையின் முதற் பாதை கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை இடப்பட்டபோது, இந்தியாவிற் கைக்கொள்ளப்பட்டிருந்த 5 அடி 6 அங்குல அகலமே இங்கும் தெரிந்தெடுக்கப்பட்டது. பிரித்தானியாவின் பாதையோ 4 அடி 8½ அங்குலம். மாதிரி உலகில் 'ஓ ஓ' எனப் பெயர் பெற்ற பிரித்தானிய அளவுத்திட்டத்தில், உண்மையின் ஓரடி 4 மில்லிமீற்றராகக் குறுகுகிறது. அதாவது ஏறத்தாழ 76இல் ஒரு பங்கு. அக்கணக்கின்படி நமது பாதையின் அகலம் 22 மில்லிமீற்றராக இருத்தல் வேண்டும். ஆனால் கடையில் விற்கும் 'ஓ ஓ' தண்டவாளத்தின் அகலம் 16½ மில்லிமீற்றர் மட்டுமே. அதை உண்மை அளவுக்குப் பெருக்கினால் 4 அடி 1½ அங்குலமே வரும். நமது பாதைக்கு மட்டுமன்றிப் பிரித்தானியப் பாதைக்கும் அது குறுகியதே.

இவ்விந்தை நேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஐரோப்பாக் கண்டத்தில் ஓரடியை 3½ மில்லிமீற்றராகக் கொண்டு, அதற்கு ஏற்ற 16½ மில்லிமீற்றர்ப் பாதையை அமைத்தனர். பிரித்தானிய எஞ்சின்கள் உருவிற் சிறியவையாதலின், அக்காலத்து மோட்டார் அவற்றின் வயிற்றுக்குள் அடங்கவில்லை. எனவே உடலை மட்டும் 4 மில்லிமீற்றர்க் கணக்கிற் பெருப்பித்து, பாதையைப் பழையபடியே விட்டுவிட்டனர். ஒரு காலத்து மோட்டாரின் பருமன், நூறாண்டின் பின்னும் கடையிலுள்ள ஒவ்வொரு பெட்டியின் கால்களையும் ஒடுக்கி வைத்திருக்கிறது.

ஆகவே, மாற்றத்தில் ஈடுபடுவோர் தொடக்கத்திலேயே ஒரு தீர்மானத்துக்கு வருதல் வேண்டும். வாங்கிய தண்டவாளத்தில் ஓட்டி மகிழ்வதே நோக்கமாயின், சில்லுகளை அப்படியே விட்டு, உடலை மட்டும் மாற்றலாம். உண்மையான உருவமே நோக்கமாயின், சில்லுகளை 22 மில்லிமீற்றருக்கு அகற்றியே ஆகவேண்டும். 5½ மில்லிமீற்றர் வேறுபாடு சிறிதென்று தோன்றலாம். உண்மையளவில் அது ஓரடி 4½ அங்குலம். அகன்ற கால்களை ஊன்றி நிற்பதே நமது பெட்டிகளின் தோற்றத்துக்கு உயிர். அதை இழந்துவிட்டு, எத்தனை நுணுக்கங்களை ஒட்டினாலும் அது பிரித்தானியப் பெட்டியாகவே நிற்கும். வீடு நிறையப் பாதை போட வசதியில்லாதவர், ஒரே ஒரு பெட்டியை, ஒரு சாண் நீளத் தண்டவாளத்தின்மீது சரியான அகலத்தில் நிறுத்தி வைப்பதே சிறந்தது என்பது என் கருத்து.

இனி, அளவு எடுத்தலைக் கூறுவோம். வேலையின் பாதி இதுவே. நிலைய அதிபரிடம் அனுமதி பெற்று, பாதையை விட்டு விலகி நின்று, பெட்டியைப் பார்த்தல் வேண்டும். துறைமுகத்தையும் எண்ணெய்த் தாங்கிகளையும் அடுத்த பகுதிகளில் அனுமதியின்றிப் படம் எடுத்தல் தகாது. அடிக்கு ஓர் அடி கறுப்பும் வெள்ளையும் மாறிமாறித் தீட்டிய ஆறடிக் கோல் ஒன்றைப் பெட்டியின் அருகே நாட்டி, பக்கவாட்டில் நேர் எதிரே, இயன்றளவு தொலைவில் நின்று படம் எடுத்தால், அப்படத்திலிருந்தே ஏனைய அளவுகளை விகித முறையிற் கண்டுகொள்ளலாம். முன்புறப் படத்துக்குக் கோலும் வேண்டியதில்லை. தண்டவாளங்களின் இடைவெளி 5 அடி 6 அங்குலம் என்பது தெரிந்த அளவாதலின், அதுவே அளவுகோலாகும். பெட்டி இப்பொழுது அங்கு இல்லையாயின், பழைய புகைப்படங்களையும், கடுகண்ணாவையில் 2014ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தேசியப் புகையிரத அருங்காட்சியகத்தையும், ஓய்வுபெற்ற புகையிரத ஊழியரின் நினைவையும் நாடலாம். நினைவு அளவுகளைத் தராது. ஆனால் கதவு எப்பக்கம் திறந்தது, பூட்டு எங்கு தொங்கியது, மழை எவ்விடத்தால் ஒழுகியது என்பனவற்றை எந்தப் படத்தையும்விட நன்றாகத் தரும்.

அடுத்து, எந்தப் பெட்டியை வாங்குவது? நான்கு சில்லுடைய மூடிய சரக்குப் பெட்டி ஒன்றைத் தெரிந்தெடுத்தல் நலம். புதிய, விலையுயர்ந்த மாதிரியை வாங்கி அறுப்பதிற் பொருளில்லை. பழைய மலிவுப் பெட்டி போதும். நீளமும் சில்லுகளின் இடைத்தூரமும் நமது அளவுக்கு அண்மையில் இருக்கின்றனவா என்பதை மட்டும் பார்க்கவேண்டும். ஏனெனில் அகலத்தைக் கூட்டுதல் எளிது. உயரத்தைச் சிறிது மாற்றுதலும் இயலும். பக்கச் சுவர்களின் பலகைக் கோடுகளையும் கதவையும் சிதைக்காமல் நீளத்தை மாற்றுதல் அரிது.

நுணுக்க உறுப்புகள் என்று நாம் குறிப்பிடுவன, பெட்டியைச் செய்த நிறுவனத்தாலன்றி, வேறு சிறு பட்டறைகளால் தனியே செய்து விற்கப்படுவன. அவை மூவகைப்படும். முதலாவது, அரித்தெடுத்த பித்தளைத் தகடு. மெல்லிய பித்தளைத் தகட்டின்மீது ஒளிப்பட முறையில் உருவத்தைப் பதித்து, வேண்டிய இடங்களைக் காப்புப் படலத்தால் மூடி, எஞ்சிய இடத்தை இரசாயனக் கரைசலால் அரிக்கச் செய்வர். தலைமயிர் போன்ற கம்பிகளும் கைப்பிடிகளும் பிரேக் நெம்புகோல்களும் இவ்வாறு பிறக்கின்றன. இரண்டாவது, வெள்ளீயம் முதலியன கலந்த, குறைந்த வெப்பத்தில் உருகும் வெள்ளை உலோக வார்ப்பு. அச்சுப் பெட்டி, விற்சுருள், மோதுதாங்கி முதலிய பருத்த உறுப்புகளுக்கு இது ஏற்றது. பாரமும் தரும். மூன்றாவது, அண்மைக் காலத்தில் வந்த முப்பரிமாண அச்சு. கணினியில் வரைந்த உருவத்தை, ஒளிபட்டால் இறுகும் பிசின் திரவத்திலிருந்து படலம் படலமாக எழுப்புவது அம்முறை. முதலிரு வகைகளும் பெரும்பாலும் பிரித்தானியப் பெட்டிகளை நோக்கியே செய்யப்பட்டவை. மூன்றாவதோ நமக்கென்றே அமைந்தது போன்றது. இலங்கைப் பெட்டியின் அச்சுப் பெட்டியை ஒருவர் சரியாக அளந்து வரைந்துவிட்டாற் போதும். யாழ்ப்பாணத்திலுள்ளவரும் கனடாவிலுள்ளவரும் அதையே அச்சிட்டுக்கொள்ளலாம்.

இனி வேலைக்கு வருவோம். உடலையும் அடிச்சட்டத்தையும் பிரித்துவிட்டு, பிரித்தானியப் பெட்டிக்கே உரிய அடையாளங்களை முதலில் நீக்குதல் வேண்டும். முகப்புச் சுவர்களிலே குல்லாய் போலக் கவிந்திருக்கும் காற்றுப்போக்கிகள், நமது படத்தில் இல்லையாயின், கூரிய உளியாற் சீவப்பட்டு, மணல்தாளால் மழுக்கப்படவேண்டும். அப்போது அழிந்துபோகும் பலகைக் கோடுகளை ஊசிமுனையாற் கீறிப் புதுப்பித்துக்கொள்ளலாம். பின்னர் இரு முகப்புச் சுவர்களையும் நடுவே நெடுக்காக அறுத்து, தேவையான அகலத்துக்குப் பிளாஸ்ரிக் கீற்றுகளை இடையிற் பொருத்தினால் உடல் அகன்றுவிடும். பழைய கூரை இனிப் பொருந்தாது. அரை மில்லிமீற்றர்ப் பிளாஸ்ரிக் தகட்டை ஒரு போத்தலின்மீது துணியாற் கட்டி, சுடுநீரில் நனைத்து ஆறவிட்டால், கூரைக்கு வேண்டிய வளைவு தானே அமையும்.

அடிச்சட்டமே இம்மாற்றத்தின் இதயம். கடைச் சில்லுகள் 2 மில்லிமீற்றர்த் தடிப்பான இரும்பு அச்சில் இறுக்கப்பட்டிருப்பது வழக்கம். அச்சிலிருந்து சில்லுகளைக் கழற்றி, அதே தடிப்புள்ள நீண்ட உருக்குக் கம்பியில், இரு பக்கமும் சமமாக ஏற்றுதல் வேண்டும். சில்லு சற்றும் சாய்தல் கூடாது. சாய்ந்தாற் பெட்டி தள்ளாடும். அச்சைத் தாங்கும் பக்கத் தகடுகளையும் வெளிப்புறமாக நகர்த்தி ஒட்டி, துளையிட்ட பித்தளைக் குமிழ்களை அவற்றுட் பதித்து, அச்சின் நுனிகளை அவற்றிற் செருகவேண்டும். நான்கு சில்லுகளும் கண்ணாடித் தட்டின்மீது ஒருங்கே அமர்கின்றனவா என்று பார்த்து, அமர்ந்த பின்னரே பசை இறுகவிடுதல் வேண்டும்.

பிரேக் அமைப்பைப் பொருத்துமுன் அது இயங்கும் முறையை அறிந்திருத்தல் நன்று. நமது புகையிரதங்களில் நெடுங்காலமாக வழங்கி வருவது வெற்றிடப் பிரேக். வண்டித்தொடர் முழுவதும் ஓடும் குழாயிலிருந்து எஞ்சின் காற்றை உறிஞ்சி எடுத்திருக்கும் வரை பிரேக் விலகி நிற்கும். குழாய்க்குட் காற்று நுழைந்தால், பெட்டியின் அடியிலுள்ள உருளையினுள்ளே ஆடுதண்டு மேலெழுந்து, நெம்புகோல்களை இழுத்து, கட்டைகளைச் சில்லின்மீது அழுத்தும். ஆகவே, தொடர் அறுந்து குழாய் பிரிந்தாலும் பெட்டிகள் தாமே நின்றுவிடும். இதை அறிந்தவர், உருளையை எங்கோ ஒட்டி, நெம்புகோலை வேறெங்கோ தொங்கவிடமாட்டார். உருளை, குறுக்குத் தண்டு, இழுகோல், கட்டை ஆகிய நான்கும் ஒன்றையொன்று தொட்டு நிற்றல் வேண்டும். ஆயத்தப் பெட்டிகளிற் பலவற்றில், பிரேக் கட்டைகள் சில்லின் விளிம்புக்கு நேரே நில்லாமல் வெளியே விலகி நிற்பதைக் காணலாம். முன்னர்க் கூறிய ஒடுங்கிய பாதையின் விளைவே அது. நாம் சில்லை அகற்றியபின், கட்டையைச் சில்லுக்கு நேராகவே வைத்துவிடலாம். அகன்ற பாதை நமக்குத் தரும் பரிசு இது.

மோதுதாங்கிகளும் அவ்வாறே பிரித்தானியப் பெட்டியினும் அகன்று நிற்பன. பழையவற்றை வெட்டிவிட்டு, சுருள்வில் பொருத்திய உலோக மோதுதாங்கிகளைப் படத்திலுள்ள இடைவெளிக்கு ஏற்பப் பதிக்கவேண்டும். கடைப்பெட்டியின் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய பிளாஸ்ரிக் கொளுக்கியைக் கழற்றிவிட்டு, மூன்றே நுண்ணுறுப்புகளாலான திருகு இணைப்பைத் தொங்கவிடுக. அதன் அருகே வெற்றிடக் குழாயின் வளைந்த நுனி. இவ்விரண்டு மாற்றங்களால் மட்டுமே, பெட்டி விளையாட்டுப் பொருளின் தோற்றத்தைப் பெரிதும் இழந்துவிடும்.

சில எச்சரிக்கைகள். பெட்டி நிலையாக நிற்க, அச்சொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராம் பாரம் வேண்டும். உள்ளே ஈயக் குண்டுகளை இட்டு, வெண்ணிற மரப்பசையால் ஒட்டுவோர் உண்டு. அது தகாது. காலப்போக்கில் ஈயம் அப்பசையோடு கூடி வெண்பொடியாகிப் பருத்து, பெட்டியின் சுவர்களையே பிளந்துவிடும். எப்பொக்சிப் பசையே பாதுகாப்பானது. ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் உணவைத் தொடலாகாது. பிசின் உறுப்புகளை அராவும்போது எழும் தூசியை மூச்சில் ஏற்கலாகாது; முகமூடி அணிந்து, நீரில் நனைத்த தாளால் தேய்த்தல் நன்று.

வர்ணம் பூசுவதில், திருகோணமலைக் காலநிலை தனக்கென்று ஒரு பாடம் வைத்திருக்கிறது. வாடைக்காற்றோடு மழை வரும் மாதங்களில், காற்றின் ஈரம் வர்ணத்திலே படிந்து, மேற்பூச்சைப் பால் படர்ந்தது போல் வெளுக்கச் செய்யும். கச்சான் காற்று வீசும் மாதங்களிலோ, விசிறிய வர்ணத் துளி பெட்டியை அடையுமுன்னரே உலர்ந்து, மணல் தூவியது போலச் சொரசொரப்பாகும். கச்சான் காலத்து அதிகாலையில், காற்று எழுமுன், கதவைச் சாத்தி வேலையை முடித்துவிடுவதே வழி. உப்புக் காற்றில் உருக்கு அச்சு விரைவில் துருவேறும். அதற்குச் சிறிது எண்ணெய் தடவி வைத்தல் வேண்டும்.

நிறத்தைப் பொறுத்தவரை, பெரிய பொருளின் நிறத்தைச் சிறிய மாதிரிக்கு அப்படியே பூசினால் அது இருண்டு தோன்றும். ஆதலின் சிறிது வெண்மை கலந்துகொள்ளல் வேண்டும். எழுத்தும் இலக்கமும் ஊகத்தால் எழுதப்படாமல், குறித்த ஒரு படத்திலுள்ள ஒரு பெட்டியைப் பார்த்தே எழுதப்படுக. பழமைத் தோற்றம் தருவதிலும் அளவு வேண்டும். எல்லா இடமும் துருவைப் பூசிவிடுவது எளிது. துரு எங்கு பிடிக்கும் என்று எண்ணிப் பார்ப்பதே வேலை. நீர் தேங்கும் கதவடியிலும், வர்ணம் பெயர்ந்த மூலைகளிலும் அது தோன்றும். பிரேக் கட்டையிலிருந்து பறக்கும் இரும்புத் துகள், சில்லையும் அடிச்சட்டத்தையும் கபில நிறமாக்கும். மாவு ஏற்றிய பெட்டியாயின், கதவின் விளிம்பிலும் படியிலும் மெல்லிய வெண்மை படிந்திருக்கும். மூடையைச் சுமந்தவரின் முதுகும் கையும் உராய்ந்த இடமோ சிறிது மினுங்கும். அந்த மினுக்கத்தை ஒருவர் மாதிரியிலே காட்டிவிட்டாராயின், அவர் பெட்டியை மட்டுமன்றி, பெட்டியருகே உழைத்த மனிதரையும் பார்த்திருக்கிறார் என்பது விளங்கும்.

இறுதியாக, அது நிற்கவேண்டிய ஒரு சாண் பாதை. செப்புத் தகடு ஒட்டிய கீற்றுகளைச் சிலிப்பர்க் கட்டைகளாக, ஏறத்தாழ 36 மில்லிமீற்றர் நீளத்தில் வெட்டி, தண்டவாளங்களை 22 மில்லிமீற்றர் இடைவெளியிற் பற்றாசு வைத்து இணைக்கலாம். 22 மில்லிமீற்றர் நீளத்துக்குச் சரியாக அராவிய ஒரு பித்தளைத் துண்டை இடையில் வைத்துக்கொண்டால் அகலம் பிசகாது.

இத்தனை உழைப்பும் ஒரு சிறு பெட்டிக்காகவா என்று சிலர் வினவக்கூடும். எஞ்சின்களைப் போற்றிப் பாதுகாக்க ஆளுண்டு. 1954ஆம் ஆண்டு முதல் கனடாவிலிருந்து வந்து, அந்நாட்டு மாகாணங்களின் பெயர்களைத் தாங்கிய டீசல் எஞ்சின்களை இன்றும் பலர் பெயர் சொல்லி அழைக்கின்றனர். சரக்குப் பெட்டிக்குப் பெயரில்லை. பொருள்கள் லொறிக்கு மாறியபின், அது பக்கப் பாதையிலே நின்று, துருப்பிடித்து, பழைய இரும்பாக விலைபோய்விடுகிறது. அதன் நீளம் என்ன, கதவு எத்தகையது என்று பிற்காலத்தில் ஒருவர் கேட்டால், விடை கூற எதுவும் எஞ்சாது. மாதிரி செய்வதற்காக ஒருவர் எடுத்த அளவுகள், அவ்விடையாக அமையலாம்.

அவ்வாறு அமையவேண்டுமாயின், ஒரு கடமை உண்டு. செய்து முடித்த பெட்டியின் அடியிலே, சில்லுகளுக்கு இடையே, ஒரு சிறு காகிதத்தை ஒட்டி வைக்கவேண்டும். எந்த இடத்தில், எந்த ஆண்டு நின்ற பெட்டியைப் பார்த்துச் செய்தது. எந்த அளவுகள் கோலால் எடுக்கப்பட்டன. எவை படத்திலிருந்து கணிக்கப்பட்டன. எவை வெறும் ஊகம் என்று அதில் எழுதுக. அலுமாரியில் நிற்கும் பெட்டியை வியந்து பார்ப்போர்க்கு அக்காகிதம் தெரியாது. பெட்டியைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்க்கும் ஒருவர் வருவார். அவருக்காகவே அதை எழுதுகிறோம்.